மீள ஏற்றிய தொகுதியும் பழைய சுட்டும்

பெயர் வேறு, பெயராற் குறிக்கப்படும் பொருள் வேறு என்பது இலக்கணம் பயில்வார்க்குப் புதிய செய்தியன்று. ஆயினும் கணினிக்கு நிரல் எழுதுவாருட் பலர் அவ்விரண்டனையும் ஒன்றெனவே கொண்டு, அதனால் நேரும் இடர்க்குக் காரணம் காணாது மயங்குகின்றனர். நிரலின் ஒரு பகுதியைத் திருத்துகின்றனர். திருத்திய பகுதியை ஓடிக்கொண்டிருக்கும் நிரலுள் மீண்டும் ஏற்றுகின்றனர். ஏற்றம் முடிந்தது என்று கணினியும் விடை கூறுகின்றது. பின்னரும் பழைய பிழையே தோன்றுமாயின், திருத்தியதையே மேலும் திருத்தி நல்லதனையும் கெடுத்துவிடுகின்றனர். இம்மயக்கம் எங்ஙனம் பிறக்கின்றது என்பதனை ஸ்கீம் என்னும் நிரல்மொழியை இடமாகக் கொண்டு ஆராய்ந்து, அதுபற்றி எம் கருத்தினையும் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இதில் என்ன வேலை என்று நேயர்கள் வினவலாம். பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு ஆராயப்படும் இடமெல்லாம் எமக்கும் சிறிது உரிமையுண்டு என்பதே எம் விடை.

ஸ்கீம் மொழியை 1975-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரால்ட் ஜே சஸ்மன், கை ஸ்டீல் என்னும் இருவர் வகுத்தனர். ஜான் மெக்கார்த்தி 1958-இல் தொடங்கிய லிஸ்ப் மொழியின் வழிவந்தது இது. லிஸ்ப் குடும்பத்து மொழிகட்கெல்லாம் ஒரு சிறப்புண்டு. நிரலை முழுதும் எழுதி முடித்துப் பின்னர் ஓட்டிப் பார்த்தல் என்னும் முறையோடு அமையாது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு உரையாடி, ஒவ்வொரு பகுதியாக மாற்றி மாற்றிச் செப்பஞ்செய்யும் வழக்கம் அவற்றில் நெடுங்காலமாக உண்டு. ஸ்கீம் மொழியின் இலக்கணம் அறிக்கைகளாக வெளிவருவது. அவற்றுள் ஐந்தாம் திருத்த அறிக்கை 1998-இலும், ஆறாவது 2007-இலும், ஏழாவதன் சிறு மொழிப் பகுதி 2013-இலும் வெளிப்போந்தன. தொகுதிகளை நூலகம் என்னும் பெயரால் அமைத்துக்கொள்ளும் முறை ஆறாம் அறிக்கையிலேதான் முதற்கண் விதிக்கப்பட்டது. அதற்கு முன்னர் ஒவ்வொரு ஸ்கீம் அமைப்பும் தத்தமக்கு ஏற்றவாறு மாட்யூல் எனப்படும் தொகுதி முறையை வகுத்துக்கொண்டிருந்தது.

இனி, மாறி என்பது யாது? அறிக்கைகள் கூறும் விடை தெளிவானது. பெயர் ஒன்று ஓர் இடத்தைக் குறிக்கும். அவ்விடத்தில் மதிப்பு ஒன்று வைக்கப்பட்டிருக்கும். இடத்தோடு பிணைக்கப்பட்ட பெயரே மாறி எனப்படும். ஆகவே ஈண்டு உள்ளவை இரண்டல்ல, மூன்று: பெயர், இடம், மதிப்பு. பெயர் மதிப்பை நேரே சுட்டுவதில்லை. இடத்தைச் சுட்டி, இடத்தின் வாயிலாக மதிப்பைப் பெறுகின்றது. இதனை நம் இலக்கணத்து இடவாகுபெயரோடு ஒப்பிடலாம். ஊர் திரண்டது என்னுங்கால் ஊர் என்னும் சொல் இடத்தைக் குறித்து, அதன் வழியே அங்கு வாழ்வாரைக் குறிக்கின்றது. இன்று வாழ்வார் பெயர்ந்து நாளை வேறு சிலர் அங்குக் குடிபுகுந்தாலும் ஊர் என்னும் சொல் அப்புதியோரைத் தயங்காது சுட்டும்.

இதனையே கல்லூரி வாழ்க்கையில் வைத்தும் காணலாம். சென்ற ஆண்டில் தமிழ்ச் சங்கத்தின் செயலாளன் சாத்தன், இவ்வாண்டில் கொற்றன். தமிழ்ச் சங்கச் செயலாளர்க்கு என முகவரியிட்டு வரும் மடல் இன்று கொற்றன் கையிற் சேரும். சாத்தனுக்கு என முகவரியிட்ட மடலோ அவன் ஊரைத் தேடிச் செல்லும். இரண்டு மடல்களும் செயலாளரை நோக்கியே எழுதப்பட்டன என்று எழுதியவர் கூறலாம். எழுதிய நாளில் அது மெய்யுமாம். ஆயினும் ஒன்று பதவியைப் பற்றியது, மற்றொன்று ஆளைப் பற்றியது. பதவியில் ஆள் மாறும்வரை இவ்வேறுபாடு வெளிப்படாது. தொகுதியை மீள ஏற்றுதல் என்பது பதவியில் ஆளை மாற்றுதல் போல்வது. அதுவரை மறைந்து கிடந்த வேறுபாடு அன்றே வெளியாகின்றது.

எடுத்துக்காட்டு ஒன்று கூறுவாம். நூலகத்திற்கு ஒரு நிரல் எழுதப்பட்டது எனக் கொள்க. அதில் கட்டணம் என்னும் தொகுதியுள் தண்டம் என்னும் செய்முறை உள்ளது. நூலைத் திருப்பித் தரத் தாழ்த்த நாள் ஒன்றுக்கு 1 ரூபாய் வீதம் கணக்கிடுவது அதன் தொழில். நூலகம் என்னும் வேறொரு தொகுதி, கட்டணத்தினின்று தண்டத்தை வருவித்துக்கொண்டு, ரசீது எழுதும்போது தண்டத்தை அழைக்கின்றது. மேலும் அந்நூலகத் தொகுதி, மாணாக்கர்க்கு இன்ன கணக்கு, ஆசிரியர்க்கு இன்ன கணக்கு எனப் பிரித்து ஒரு பட்டியல் வகுத்து, மாணாக்கர்க்கு நேரே தண்டம் என்னும் செய்முறையையே வைத்திருக்கின்றது. ஒரு நாள், வீதம் 2 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கட்டணத் தொகுதியைத் திருத்தி, நிரலை நிறுத்தாமலே அத்தொகுதியை மட்டும் மீள ஏற்றினர். பத்து நாள் தாழ்த்தவனுக்குத் தண்டம் எவ்வளவு?

விடை, எவ்வழியாக வினவினோம் என்பதனைப் பொறுத்தது. மீள ஏற்றும்போது தண்டம் என்னும் பெயருக்குரிய பழைய இடமே நிலைத்து, அதனுள் புதிய செய்முறை வைக்கப்படுமாயின், ரசீது எழுதும் பகுதி ஒவ்வொரு முறையும் அவ்விடத்தைச் சென்று பார்த்தலால் 20 ரூபாய் எனக் கூறும். பட்டியலோ, அது வகுக்கப்பட்ட நாளில் அவ்விடத்தில் இருந்த செய்முறையை எடுத்துத் தன்னுள் வைத்துக்கொண்டது. அது பெயரையும் அறியாது, இடத்தையும் அறியாது. பழைய செய்முறை ஒன்றனையே அறியும். ஆதலின் பட்டியல் வழியாக வருவோனுக்குத் தண்டம் 10 ரூபாயே. ஒரே நூலகத்தில், ஒரே நாளில், ஒரே குற்றத்திற்கு இரண்டு தண்டம்! நிரல் நின்றுவிடவில்லை; பிழைச் செய்தி ஒன்றும் தோன்றவில்லை. யாரேனும் இரண்டு ரசீதுகளை ஒருங்கே வைத்து நோக்கினாலன்றி இம்முரண் புலப்படாது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அதுவே மிக நுண்ணியது. விரைவு வேண்டி, கம்பைலர், சிறிய செய்முறையை அழைக்குமிடத்தில் அழைப்பை நீக்கி, அச்செய்முறையின் உடலையே அங்குப் பெய்து வைப்பதுண்டு. அங்ஙனம் பெய்துவிட்டால், ரசீது எழுதும் பகுதியின் மூலத்தில் தண்டம் என்னும் பெயர் எழுதப்பட்டிருப்பினும், ஓடும் நிரலில் அப்பெயரும் இல்லை, அதற்குரிய இடத்தை நாடுதலும் இல்லை. நாளை ஒன்றால் பெருக்கும் கணக்கு மட்டுமே உள்ளது. இடத்திலுள்ளதை எத்துணை முறை மாற்றினும் அப்பகுதி பழைய விடையையே தரும். நிரல் எழுதியவன் தன் எழுத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் காரணம் காணான். என்னை? அவன் படிப்பது ஒன்று, ஓடுவது மற்றொன்று ஆதலின்.

இவற்றை அறிக்கைகள் எங்ஙனம் நோக்குகின்றன என்று காண்பாம். ஐந்தாம் அறிக்கையின்படி, மேல்மட்டத்தில் முன்னரே பிணைப்புள்ள மாறியை மீண்டும் வரையறுத்தல், அதற்குப் புதிய மதிப்பை இடுதலையே பெரும்பாலும் ஒக்கும். பிணைப்பில்லாத பெயருக்கே புதிய இடம் வகுக்கப்படும். ஆகவே பழைய இடம் நிலைக்கும் என்பது அவ்விதியின் கருத்து. ஆறாம் அறிக்கையோ, நூலகத்தினின்று வெளியிடப்படும் மாறிகளை, வெளியிடும் நூலகத்திலும் வருவிக்கும் நூலகத்திலும் மாற்றலாகாது என விதித்தது. மாறாது என்னும் உறுதி கிடைத்தமையால் கம்பைலர் துணிந்து உடலைப் பெய்துவைக்க இயலும். ஏழாம் அறிக்கை, நிரலிலும் நூலகத்திலும் வருவித்த பிணைப்பை மாற்றுதலும் மீள வரையறுத்தலும் பிழை என்று கூறி, உரையாடி நிரலெழுதும் இடத்தில் மட்டும் அவற்றிற்கு இடந்தருதல் தக்கது என்று அமைதி கூறுகின்றது. பொது விதியும் அதற்கொரு புறனடையும் என இதனைக் கொள்ளலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் தொகுதியை மீள ஏற்றுதற்கு இவ்விதிகள் விரிவாக ஒன்றும் வகுத்திலாமையின், ஒவ்வோர் அமைப்பும் தன் வழியே செல்கின்றது. கைல் என்னும் அமைப்பில் மீள ஏற்றுதற்கெனவே ஒரு கட்டளை உண்டு. அதில் மாறியின் இடம் தனியே ஒரு பொருளாக இருந்து, வெளியிடும் தொகுதிக்கும் வருவிக்கும் தொகுதிக்கும் பொதுவாகின்றது. மூல ஆவணம் அதே தொகுதியுள் மீண்டும் படிக்கப்படுதலால், இடத்தின் வழியே செல்லும் சுட்டுகளெல்லாம் புதிய மதிப்பைக் காணும். ஆயினும் 2020-இல் வெளிவந்த 3.0 பதிப்பு முதல், பயனர் எழுதும் தொகுதிகள் அறிவிப்பு வகையின எனவே முதற்கண் கொள்ளப்படுகின்றன. அஃதாவது, தொகுதியுள் மாற்றப்படாத வரையறைகள் மாறா எனக் கம்பைலர் எண்ணிக்கொள்ளும். தொகுதிக்குள்ளேயே ஒரு செய்முறை மற்றொன்றை அழைக்குங்கால் இடத்தை நாடாது நேரே செல்ல அதற்கு உரிமையுண்டு. 2022-இல் வந்த 3.0.8 பதிப்பில் தொகுதியின் எல்லை கடந்தும் சிறு வரையறைகளைப் பெய்யும் முறை சேர்க்கப்பட்டது. இவ்வெண்ணத்தை வேண்டாதார், தொகுதியின் தலைப்பிலேயே அதனை விலக்கிக் கூறலாம்.

ராக்கெட் என்னும் அமைப்பு, பி.எல்.டி. ஸ்கீம் என்னும் தன் பழைய பெயரை 2010-இல் மாற்றிக்கொண்டது. அது வேறொரு வழியை மேற்கொண்டது. தொகுதியுள் மதிப்பிடுதலால் மாற்றப்படாத மாறியை மாறிலி என்றே உறுதிசெய்து, மீள வரையறுக்க முயல்வாரை, மாறிலியை மாற்றலாகாது என்று வெளிப்படையாகத் தடுக்கும். அவ்வுறுதியைத் தளர்த்தற்கும் ஒரு விசை வைத்துள்ளது. அதன் எழுதுகளமாகிய டாக்டர் ராக்கெட்டில், ஓட்டுக என்னும் பொத்தானை அழுத்துந்தோறும் பழையன யாவும் துடைக்கப்பட்டு நிரல் முதலிலிருந்தே தொடங்கும். கற்கும் மாணாக்கன், எழுதியிருப்பதும் ஓடுவதும் ஒன்றே என நம்பலாம் என்பது அதன் பயன்.

பிற மொழிகளிலும் இவ்வினா எழாமல் இல்லை. பைத்தான் மொழியில் தொகுதியை மீள ஏற்றினால், தொகுதியின் பெயரைச் சொல்லி அதன் வழியே நாடுவோர் புதியதைப் பெறுவர். அதனின்று ஒரு பெயரைத் தனியே பிரித்தெடுத்து வைத்துக்கொண்டோர் பழையதனையே பெறுவர். ஸ்கீம் மொழியில் வருவித்தல் இடத்தைப் பகிர்தலாக அமைய, பைத்தானில் அவ்வகை வருவித்தல் மதிப்பைப் படியெடுத்தலாக முடிகின்றது. எர்லாங் மொழியோ இதற்கென ஒழுங்கான சட்டமே வகுத்துள்ளது. ஒரு தொகுதிக்கு நடப்பு, பழையது என இரண்டு படிகள் ஒருங்கே இருக்கலாம். தொகுதியின் பெயரோடு கூட்டி முழுதுமாக அழைக்கும் அழைப்பு நடப்புப் படிக்குச் செல்லும். மூன்றாவது படி ஏற்றப்படின், மிகப் பழையதில் இன்னும் தங்கியிருக்கும் செயல்கள் முடிக்கப்படும். இச்சட்டம் எல்லார்க்கும் உவப்பாகாமல் இருக்கலாம். ஆயினும் சட்டம் இன்னது என்று முன்னரே அறிந்துகொள்ள இடமுண்டு.

சுட்டின் சிக்கல் செய்முறைகளோடு நின்றுவிடவில்லை. மேக்ரோ என்பது ஓடும்போது அழைக்கப்படுவதன்று, மொழிபெயர்க்கும்போதே விரிக்கப்படுவது. ஆகவே மேக்ரோவைத் திருத்தி அதன் தொகுதியை மட்டும் மீள ஏற்றினால், முன்னர் விரிந்த இடங்களில் பழைய விரிவே நிற்கும். அதனைப் பயன்படுத்திய தொகுதிகளையும் மீள மொழிபெயர்த்தல் வேண்டும். ரெக்கார்டு எனப்படும் பொருள்வகையின் வரையறை மீண்டும் ஓடுமாயின், ஏழாம் அறிக்கையின்படி முற்றும் புதியதொரு வகை பிறக்கும். பெயரும் உறுப்புகளும் ஒன்றாயிருப்பினும் இரண்டும் வேறு வேறே. நேற்று உறுப்பினராகப் பதிவுசெய்யப்பட்ட ஒருவனைக் காட்டி, இவன் உறுப்பினனா என்று இன்றைய செய்முறையை வினவினால், அல்லன் என்று விடை வரும். ஆறாம் அறிக்கை இதனை உணர்ந்து, வேண்டுவோர் ஒரு வகைக்கு நிலையான அடையாளம் கொடுத்து, மீண்டும் வரையறுப்பினும் அவ்வகையே தொடருமாறு செய்ய வழி வகுத்துள்ளது.

நிலையை வைத்திருக்கும் மாறிகளும் உள. கட்டணத் தொகுதியில் வசூல் என்னும் மாறி தொடக்கத்தில் 0 என வரையறுக்கப்பட்டு, நாள் முழுதும் வளர்ந்து 340 ஆகியிருக்க, தொகுதியை மீள ஏற்றியவுடன் வசூல் மீண்டும் 0 ஆகும். வீதத்தைத் திருத்தியவர் கணக்கையும் அழித்தவராவர். கைல் அமைப்பில், முன்னரே வரையறுக்கப்பட்டிருப்பின் தொடாது விடுக என்னும் பொருள்பட ஒரு முறை வரையறுக்கும் வடிவம் உள்ளமை இக்குறை நோக்கியே. இதற்கு மறுதலையான குறையும் உண்டு. மூல ஆவணத்தினின்று ஒரு வரையறையை அழித்துவிட்டு மீள ஏற்றினால், ஆவணத்தில் அழிந்த அப்பெயர் ஓடும் தொகுதியில் அழியாது வாழும். அதனை அழைத்தற்கு இன்னும் ஆளிருப்பின் எல்லாம் செவ்வனே நடப்பது போலத் தோன்றும். நிரலை நிறுத்தி மறுபடி தொடங்கும் நாளிலேதான், அப்பெயர் இல்லை என்று நிரல் வீழும்.

இவ்வளவும் கேட்டார் சிலர், மீள ஏற்றுதலே வேண்டா என்பர். திருத்தம் செய்தால் நிறுத்துக, முதலிலிருந்து தொடங்குக, ஐயமின்றி இருக்கலாம் என்பது அவர் கொள்கை. இக்கொள்கையில் உண்மை மிகுதியும் உண்டு; எனினும் முழுதும் உடன்படுதற்கு இல்லை. நெடுநேரம் கணக்கிட்டுச் சேர்த்த செய்திகளை நினைவில் வைத்திருக்கும் நிரலை ஒரு சிறு திருத்தத்திற்காக அழித்து மீண்டும் தொடங்குதல் வீண் உழைப்பு. ஒரு செய்முறையை மாற்றி உடனே அதன் பயனைக் கண்டு, கண்டதால் எழுந்த எண்ணத்தை மீண்டும் எழுதிப் பார்க்கும் இன்பமே பலரை இம்மொழியிடத்து ஈர்த்தது. அவ்வின்பத்தை விலக்கிவிட்டு மொழியை மட்டும் கற்பித்தல், பேச்சுப் பழக்கம் இன்றி இலக்கணம் மட்டும் கற்பித்தல் போல்வதாம்.

வேறு சிலர், மீள ஏற்றினால் எல்லாச் சுட்டுகளும் தாமே புதியதற்கு மாறிவிடுமாறு அமைப்பைச் செய்தல் வேண்டும் என்பர். கேட்க இனிதாயினும் இது பொருந்தாது. பட்டியலில் வைக்கப்பட்ட செய்முறை ஒரு மதிப்பு. மதிப்பைக் கையில் வாங்கினோன், அது தன் கையில் மாறாதிருக்கும் என்று நம்பியே வாங்குகின்றான். ஸ்கீம் மொழியில் செய்முறையும் எண்ணைப் போன்றதொரு மதிப்பே. பிறிதோரிடத்து ஒருவன் செய்த திருத்தத்தால் என் கையிலுள்ள 5 தானே 6 ஆகுமாயின் நான் எதனை நம்புவேன் என்று அவன் வினவின் நாம் யாது விடை கூறுவோம்? மேலும் சென்ற ஆண்டுக் கணக்கைச் சென்ற ஆண்டு வீதத்தாலேயே முடித்தற்பொருட்டுப் பழைய செய்முறையை வேண்டுமென்றே காத்து வைத்தாரும் உளர். சாத்தனுக்கென்றே எழுதிய மடலைக் கொற்றன் பிரித்துப் படித்தல் முறையாகுமா? சுட்டியவன் கருத்தை அமைப்பு ஊகித்தறிதல் இயலாது. அவன் எழுதிய வடிவாலேயே அறிதல் கூடும்.

அற்றேல், செய்யத்தக்கது யாது? எம் கருத்து மூன்று பகுதியாக அமையும்.

முதலாவது, அமைப்புகளை இயற்றுவார்க்கு உரியது. மீள ஏற்றுதல் அரைகுறையாக நிகழுமாயின் அதனை மறைத்தல் ஆகாது. மாறியின் உடல் வேறு தொகுதியில் முன்னரே பெய்யப்பட்டிருப்பதை அமைப்பு அறிந்திருக்குமாயின், அத்தொகுதியையும் மீள ஏற்றுக என்று கூறுதல் வேண்டும். அன்றி, ராக்கெட்டைப் போல, இது மாறிலி, மாற்றலாகாது என்று மறுத்தல் வேண்டும். மறுத்தல் வெறுப்பைத் தரலாம். வாளா இருத்தலோ மயக்கத்தைத் தரும். வெறுப்பு ஒரு நாளில் நீங்கும். மயக்கம் தவறான ரசீதுகளாக வெளிச்சென்று, தண்டம் கட்டியவன் கைக்காசில் வந்து முடியும். விரைவுக்காகச் செய்யும் எந்த உபாயமும், எழுதியவன் தன் எழுத்தின்மேல் வைத்த நம்பிக்கையை அவன் அறியாமலே விலையாகக் கொள்ளுதல் முறையன்று என்பது எம் துணிபு.

இரண்டாவது, நிரல் எழுதுவார்க்கு உரியது. மாறும் என்று எதிர்பார்க்கும் இடத்தில் ஆளைச் சுட்டாது பதவியைச் சுட்டுக. பட்டியலில் தண்டம் என்னும் செய்முறையையே வைத்தற்கு மாறாக, அழைக்கப்படும்போது தண்டம் என்னும் பெயரை நாடி அதனை அழைக்கும் சிறியதோர் உறைச் செய்முறையை வைத்தால், இடத்தின் வழியே செல்லும் சுட்டு கிடைக்கும். வலைத்தளத்து வேண்டுகோள்களை ஏற்று நடத்தும் நிரலிலும், நெடுங்காலம் சுழலும் பிற நிரல்களிலும் இவ்வொரு வரி பல நாள் உழைப்பைக் காக்கும். கம்பைலர் பெய்துவிடும் என்னும் ஐயம் இருப்பின், கற்றுத் தேரும் காலத்து அத்தொகுதியை அறிவிப்பு வகையினின்று விலக்கி வைக்கலாம். நிலையை வைத்திருக்கும் மாறிகளைத் தனியொரு தொகுதியில் வைத்து, அடிக்கடி திருத்தப்படும் செய்முறைகளை வேறு தொகுதியில் வைத்தல் நன்று; அங்ஙனம் வைத்தால் வீதத்தைத் திருத்தும்போது வசூல் அழியாது. இவையெல்லாம் செய்தும், ஒரு திருத்தம் முடிந்தது என்று பிறர்க்கு அறிவிக்குமுன், நிரலை ஒரு முறையேனும் நிறுத்தி முதலிலிருந்து தொடங்கிப் பார்த்தல் கடமையாகும். உரையாடிப் பெற்ற விடை நமக்குத் துணை. புதிதாகத் தொடங்கிப் பெற்ற விடையே பிறர்க்கு நாம் தரத்தக்க சான்று.

மூன்றாவது, கற்பிப்பார்க்கு உரியது. மாறி என்பது மதிப்பை இட்டு வைக்கும் ஒரு பெட்டி என்றும், பெயர் அப்பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டு என்றும் தொடக்க நாளிற் கூறி மேற்செல்லுதல் பெருவழக்கு. தொடக்கத்திற்கு அது போதும். ஆயினும் பெயர், இடம், மதிப்பு என்னும் மூன்றனையும் வேறுபடுத்திக் காட்டும் நாள் ஒன்று விரைவில் வருதல் வேண்டும். அதற்குத் தொகுதியை மீள ஏற்றிக் காட்டுதலினும் சிறந்த பாடம் இல்லை. ஒரே செய்முறையை இடத்தின் வழியாகவும் பட்டியலின் வழியாகவும் அழைத்து, 20, 10 என இரண்டு விடைகள் ஒரே திரையில் வருவதைக் கண்ட மாணாக்கன், நூலில் ஓர் அதிகாரம் முழுதும் படித்தறிவதனை ஒரு நாழிகையில் அறிவான். அங்ஙனம் அறிந்தவன் ஸ்கீம் மொழியை விட்டு வேறெம்மொழிக்குச் சென்றாலும், இங்கே வருவித்தல் என்பது இடத்தைப் பகிர்தலா, மதிப்பைப் படியெடுத்தலா என்று முதலில் வினவுவான். அவ்வினாவை எழுப்பக் கற்றலே கல்வியின் பயன்.

நிற்க. இவ்வளவு நுண்மை பாராட்டுதல் வேண்டுமா, இஃது ஒரு சில நிரல் வல்லுநர்க்கே உரிய கவலையன்றோ என்பாரும் இருக்கலாம். இன்று நம் கல்லூரிக் கட்டணம், தேர்வு மதிப்பெண், தொடர்வண்டிச் சீட்டு, வங்கிக் கணக்கு ஆகிய யாவும் நிரல்களின் வழியே நடைபெறுகின்றன. அவற்றைத் திருத்துவோர் எழுதியிருப்பதும் ஓடுவதும் ஒன்றே என்று நம்பித் திருத்துகின்றனர். அந்நம்பிக்கை பொய்க்குமிடம் எது என்பதனை அவர் அறியாராயின், அதன் பயனை நுகர்வோர் நிரல் என்னும் சொல்லையே கேட்டறியாத எளியோராவர். ஆதலின் இதனைச் சிலர்க்கே உரிய நுண்மை என ஒதுக்குதல் தகாது.

சொல்லை ஆராய்வாரும் கணினியை ஆராய்வாரும் இக்கல்லூரியில் வேறு வேறு கட்டடங்களிற் பயில்கின்றனர். ஆயினும் இருவர் முன்னும் நிற்கும் வினா ஒன்றே: இப்பெயர் எதனைச் சுட்டுகின்றது, இன்றும் அதனையே சுட்டுகின்றதா? இலக்கணம் பயிலும் யாம் இவ்வினாவை நெடுங்காலம் பழகியவர். கணினித் துறை மாணாக்க நண்பர்கள் இதனைத் தம் துறைக்கும் உரியதெனக் கொண்டு, தொகுதியை மீள ஏற்றும்போதெல்லாம் ஒரு முறை வினவிக்கொள்வாராக.